ஆயிடுச்சு சார்

கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஹெல்மெட்டின் நிறத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடலாம். மஞ்சள் போட்டவர் வேலை செய்கிறவர். வெள்ளை போட்டவர் வேலை செய்யச் சொல்கிறவர். பச்சை போட்டவர், சொன்னார்களா என்று பார்க்க வருகிறவர். நம்மவர் பத்தொன்பது வருடம் மஞ்சளுக்குள் இருந்துவிட்டு நாற்பத்தாறாவது வயதில் வெள்ளைக்குள் நுழைந்தார். இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அவர் தலை அதிலிருந்து வெளியே வந்தபாடில்லை. வேலையிடத்துக்கு வண்டியில் போகும்போதும் அதுதான், வரும்போதும் அதுதான். போக்குவரத்துக் காவலர் ஒருமுறை நிறுத்தி, "இது ரோட்டுல போடற ஹெல்மெட் இல்லைங்க" என்றபோது, "சூப்பர்வைசருங்க" என்று பதில் சொன்னவர் அவர். காவலர் அந்தப் பதிலை எந்தச் சட்டப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

பதினோரு பைப் ஃபிட்டர்களுக்கு அவர் சூப்பர்வைசர். நேரில் எல்லோருக்கும் அவர் "சார்." முதுகுக்குப் பின்னால் "ஆயிடுச்சு." கொஞ்சம் மரியாதை உள்ளவர்கள் இரண்டையும் சேர்த்து "ஆயிடுச்சு சார்" என்பார்கள்.

இந்தப் பெயர் சும்மா வரவில்லை. அவரிடம் மொத்தம் மூன்று வினைச்சொற்கள் இருந்தன. வேலை நல்லபடியாக முடிந்தால், "முடிச்சேன்." வேலை கெட்டுப்போய், கெடுத்தவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், "கெடுத்துட்டானுங்க." வேலை கெட்டுப்போய், விரல் தன் பக்கம் திரும்பும்போல் தெரிந்தால், "அப்படி ஆயிடுச்சு." இரண்டாம் மாடியில் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன, அது ஆயிடுச்சு. வால்வு வாங்கச் சொல்லி எழுத மறந்ததில் நான்கு நாள் வேலை நின்றது; லேட் ஆயிடுச்சு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மவர் அவளுக்கும் ஒரு படி மேல். கூடம் கோணலாயிடுச்சு என்பார்.

குற்றம் முழுக்க அவருடையது என்றும் சொல்லிவிட முடியாது. நம் மொழியே இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. தம்ளரைக் கீழே போட்ட மூன்று வயதுக் குழந்தை "உடைஞ்சுடுச்சு" என்கிறது, அதை நாம் கொஞ்சுகிறோம். அறுபது வயது வரைக்கும் கூட வருகிற கல்யாணமே நமக்கு ஆகிற சமாச்சாரம்தான்; யாரும் செய்துகொண்டதாக ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் மஞ்சள் காலத்தில் அவர் இப்படிப் பேசியவர் இல்லை. அப்போது அவர் போட்ட மூட்டுகளில் ஒரு சொட்டு கசியாது. கசிந்தால், "நான்தான் சரியா முறுக்கல, தள்ளு" என்று முதல் ஆளாக ரிஞ்சை எடுத்துக்கொண்டு குனிவார். அந்தக் கைக்காகத்தான் வெள்ளையைக் கொடுத்தார்கள். கொடுத்த மறுநாளே அந்தக் கைக்கு வேலை இல்லாமல் செய்தார்கள். கம்பெனிகள் அப்படித்தான். நன்றாகப் பாடுகிறவரைப் பிடித்து மைக் வாடகைக்கு விடும் வேலையில் உட்கார வைக்கும்.

சூப்பர்வைசர் ஆன முதல் திங்கட்கிழமைக் கூட்டத்தில், ஒரு தாமதத்துக்குக் காரணம் கேட்டார்கள். பழைய பழக்கத்தில், "நான் மறந்துட்டேன்" என்றார். அறையில் இருந்த மற்ற வெள்ளை ஹெல்மெட்டுகள் எல்லாம், அவர் வேட்டி கட்டாமல் வந்துவிட்டதைப் போல அவரைப் பார்த்தன. அவருக்கு அடுத்துப் பேசிய மின்சார சூப்பர்வைசர், "மழை வந்துடுச்சு, ஒயர் வரல, ஆள் கொறைஞ்சுடுச்சு" என்று மூன்று வாக்கியத்தை மனிதர் யாருமே இல்லாமல் பேசி முடித்து, பிஸ்கட் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நம்மவர் அன்றைக்கே பாடத்தைப் படித்துக்கொண்டார்.

வீட்டிலும் அது தொடர்ந்தது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், "பால் பொங்கிடுச்சு." மின் கட்டணத்துக்குக் கடைசி நாள் "போயிடுச்சு." அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். முன்னறையில் மெஷின், சுவரில் ஆணி, ஆணியில் அளவுநாடா, பக்கத்து ஆணியில் அவருடைய வெள்ளை ஹெல்மெட். அந்த அம்மாவின் தொழிலில் இந்த இலக்கணம் செல்லாது. சட்டைக் கை குட்டையாக இருக்கிறது என்று யாராவது வந்து நின்றால், "நான்தாங்க அரை இன்ச் முழுங்கிட்டேன், குடுங்க" என்று வாங்கிப் பிரித்துவிடுவார். துணி பேசாது. ஆனால் அளவு பேசிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இனி கதைக்கு வரலாம். அதில் இரண்டு கோடுகள் இருக்கின்றன.

கட்டிக்கொண்டிருந்தது நர்சுகளுக்கான விடுதி. மூன்று மாடி, மாடிக்குப் பன்னிரண்டு அறை, அறைக்கு ஒரு வாஷ்பேசின். தரைக்கு டைல்ஸ் கடைசியில்தான் ஒட்டுவார்கள், இல்லாவிட்டால் வேலையாட்கள் நடந்தே உடைத்துவிடுவார்கள். ஆகையால் எதை எந்த உயரத்தில் வைப்பது என்பதற்கு, சுவரைச் சுற்றி ஒரு கோடு போட்டு வைப்பது வழக்கம். அந்தக் கோட்டிலிருந்து இத்தனை இன்ச் மேலே, இத்தனை இன்ச் கீழே என்றுதான் எல்லோரும் அளப்பார்கள். கொத்தனார்கள் முதலில் சிவப்பில் ஒரு கோடு போட்டார்கள், வெறும் காங்கிரீட்டிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். பிறகு, டைல்ஸும் அதற்கடியில் போடும் கலவையுமாகச் சேர்ந்து தரை நான்கு இன்ச் ஏறும் என்று முடிவானது. அதற்கேற்ப நான்கு இன்ச் மேலே நீலத்தில் இன்னொரு கோடு போட்டார்கள். நீலம்தான் சரி. சிவப்பை அழித்திருக்க வேண்டும். யார் அழித்திருக்க வேண்டும் என்று கேட்டால், அது அழியாம இருந்துடுச்சு.

வாஷ்பேசின் வைக்க வந்த ஃபிட்டர், நம்மவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. வீட்டில் "மாமா", வேலையிடத்தில் "சார்" என்று கூப்பிட வேண்டும் என்பது முதல் நாளே போட்ட ஒப்பந்தம். மச்சினனும் கேட் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப்போல மாமாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றைக்கு முதல் அறையில் நின்றுகொண்டு கேட்டார்:

"சார், எந்தக் கோட்டுலருந்து எறக்கணும்? செவப்பா, நீலமா?"

நம்மவர் போனில் இருந்தார். வரைபடம் வண்டி சீட்டுக்கடியில் இருந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, "செவப்பு" என்றார்.

"நீலம் இல்லையா சார்? தரை இன்னும் போடலையே..."

"பாத்துட்டுத்தான்யா சொல்றேன். செவப்பு. போ, வேலையப் பாரு."

அவர் பார்க்கவில்லை. சூப்பர்வைசர் என்றால் பதில் உடனே வரவேண்டும் என்பது அவர் கொள்கை. சரியான பதில் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதே அறையில் ஏணிமேல் நின்று சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த பெயின்டர் இந்தப் பேச்சைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

மச்சினன் சிவப்பிலிருந்து அளந்து முப்பத்தாறு பேசின்களையும் வைத்து முடித்தார். கோணல் இல்லை, கசிவு இல்லை. பெயின்டர் சுவருக்கு வெள்ளை அடித்ததில் இரண்டு கோடுகளும் மறைந்தன. தச்சர் வந்து முகம் பார்க்கும் கண்ணாடிகளை, வரைபடத்தில் இருக்கிற சரியான உயரத்தில் மாட்டினார். கடைசியாகத் தரை போட்டார்கள். தரை நான்கு இன்ச் ஏற, பேசின்கள் நின்ற இடத்திலேயே நான்கு இன்ச் இறங்கின.

சனிக்கிழமை காலை இன்ஜினியர் அம்மா பச்சை ஹெல்மெட்டோடு வந்தார். உயரமானவர். பேச்சு குறைவு. மூன்றாம் மாடிக் கடைசி அறையில் கை கழுவப் போனார். குனிந்தார், குனிந்தார், இன்னும் கொஞ்சம் குனிந்தார். ஹெல்மெட் கழன்று டொக்கென்று பேசினுக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கீழே பேசினைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு கண்ணாடி மாட்டலாம்போல இடம் இருந்தது. இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார்.

"இருபத்தொம்போது இன்ச். நர்சுங்க தங்கப்போற எடமா இது, நர்சரியா?"

நம்மவர் தொண்டையைச் செருமினார். "அது வந்து மேடம்... கொஞ்சம் தாழ்வா ஆயிடுச்சு."

"முப்பத்தாறுமா?"

"எல்லாமே ஒரே மாதிரி ஆயிடுச்சு மேடம்." இதில் ஒரு பெருமை கலந்திருந்ததை மறுக்க முடியாது.

"யாரு வெச்சது?"

"வெச்சதுன்னு இல்ல மேடம், லெவல்ல ஒரு கொழப்பம் வந்துடுச்சு, அப்பறம் தரை ஏறிடுச்சு..."

ஏணியிலிருந்து பெயின்டர் நல்ல எண்ணத்தோடு உதவிக்கு வந்தார். "யாராச்சும் செய்வினை வெச்சிருப்பாங்க மேடம்."

"செய்வினை எங்க இருக்கு?" என்றார் இன்ஜினியர் அம்மா. "இவர் பேசறதுல செய்வினையே இல்லை. அதுதானே பிரச்சினை." பிறகு நம்மவர் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை காலைல எனக்கு ஒரு பக்கம் ரிப்போர்ட் வேணும். ஒவ்வொரு வரியிலயும் ஆள் இருக்கணும். 'ஆயிடுச்சு'ன்னு ஒரு எடத்துல இருந்தாலும் திருப்பிக் குடுத்துடுவேன். ஃபிட்டர் தன்னிஷ்டத்துக்கு வெச்சிருந்தா, அவர் கேட் பாஸ் ரத்து. யாராவது தப்பா சொல்லி அவர் வெச்சிருந்தா, சொன்னவர் மஞ்சள் ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டுத் தன் கையாலயே முப்பத்தாறையும் ஏத்தட்டும். ஏத்தி முடிச்சதும் வெள்ளையத் திருப்பித் தர்றேன்."

ஹெல்மெட்டிலிருந்த தண்ணீரை உதறிவிட்டுப் போய்விட்டார்.

கேட் பாஸ் என்றால் இந்த ஒரு கேட் மட்டும் இல்லை. அந்தக் கம்பெனிக்கு ஊரெல்லாம் ஒன்பது இடத்தில் வேலை நடந்தது. ஓர் இடத்தில் ரத்தானால் ஒன்பது கேட்டிலும் சிவப்பு விளக்கு எரியும். மற்றக் கம்பெனிகளும், "ஏன் அங்கருந்து வந்துட்ட?" என்றுதான் முதலில் கேட்கும். மச்சினனுக்கு அது தெரியும். நம்மவருக்கு மச்சினனைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் இரண்டு பேரை அவரே அப்படி அனுப்பியிருக்கிறார். அப்போதுகூட "அவங்க பாஸ் போயிடுச்சு" என்றுதான் சொன்னார்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மேசையைத் துடைத்து, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டி, மனைவியிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவிக்கு ஏற்கெனவே விஷயம் வந்துவிட்டிருந்தது. தம்பி சொல்லவில்லை, தெருமுனைக் கடையில் பெயின்டர் சொல்லியிருந்தார். "நீங்க அங்க இருந்தீங்களே, இவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டதற்கு, "காதுல பட்டி அடைச்சிருந்துச்சும்மா" என்று பெயின்டரும் இலக்கணப்படியே பதில் சொல்லியிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி எட்டிப் பார்த்தார். தாளில் ஒரு வரி இருந்தது: *சிவப்புக் கோடு நீலக் கோடாகக் கருதப்பட்டுவிட்டதால் பேசின்கள் தாழ்வாக அமைந்துவிட்டன.*

"யாரு கருதினது? கோடா?"

நம்மவர் தாளைக் கசக்கினார். இன்னொரு தாள். இன்னும் அரை மணி நேரம். இந்த முறை அவரே எடுத்துக் காட்டினார், ஆள் இருக்கிறதல்லவா என்ற திருப்தியோடு: *ஃபிட்டர் அவர்கள் சிவப்புக் கோட்டிலிருந்து அளந்து பேசின்களைப் பொருத்திவிட்டார்.*

மனைவி இரண்டு முறை படித்தார். ஊசியை ஊசிமெத்தையில் குத்தி வைத்தார்.

"ஃபிட்டர் அவர்களா?"

"ரிப்போர்ட்டுன்னா அப்படித்தாம்மா எழுதணும்."

"ரெண்டு வருஷமா என் தம்பிய வாடா, போடா, அங்க என்னடா புடுங்கறன்னுதானே கூப்பிட்டீங்க. அவனுக்கு நீங்க 'ர்' போட்டது இதுதான் மொதத் தடவை. ஆள வெளிய தள்ளறதுக்குத்தான் மரியாதையா?"

"நான் பொய் ஒண்ணும் எழுதல. அவன்தானே வெச்சான்?"

"எந்தக் கோடுன்னு அவன் உங்களக் கேட்டானா இல்லையா?"

"கேட்டான்... கேட்டிருக்கலாம். போன்ல இருந்தேன். ஏதோ ஒண்ணு சொன்ன மாதிரி ஆயி..."

"முடிக்காதீங்க," என்றார் மனைவி. "அவனுக்குப் போறது பொழப்பு. உங்களுக்குப் போறது வெள்ளை. அதுவும் ஒம்போது நாளைக்கு."

நம்மவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்பது நாள் என்பது சரியான கணக்கு. நாளைக்கு நான்கு பேசின். ஆனால் பதினோரு பேர் முன்னால், மஞ்சளில், மண்டி போட்டு என்ற கணக்கு எந்த அளவுநாடாவிலும் வராது. உழைப்புக்கு அவர் அஞ்சியவர் இல்லை. உழைப்பதை மற்றவர்கள் பார்த்துவிடுவார்களோ என்றுதான் அஞ்சினார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எழுந்து வந்தார். அடுப்படி சுத்தமாக இருந்தது. சந்தேகப்படும்படியான சுத்தம்.

"டீ ஆச்சா?"

"ஆகல," என்றார் மனைவி மெஷினில் இருந்து தலை தூக்காமல்.

"ஏன்?"

"பால் வாங்கப்படல."

அவருக்கு உடனே உறைக்கவில்லை. குளித்துவிட்டு வந்து, "என் நீலச் சட்டை எங்க?" என்றார்.

"தோய்க்கப்பட்ட மாதிரி தெரியலையே."

"சமையலு?"

"இன்னிக்கு என்னவோ நடக்காம போயிடுச்சு."

"என்ன விளையாட்டும்மா இது? எனக்குப் பசிக்குது."

மெஷின் நின்றது. "பாத்தீங்களா? பசின்னா மட்டும் 'எனக்கு' டாண்ணு வந்து நிக்குது."

பகலுக்கு அவரே முட்டை வேகவைத்தார். அதில் ஒன்று வெடித்தது. "வெடிச்சுடுச்சு" என்று சொல்ல வாயெடுத்தவர், அங்கே கேட்க ஆளில்லாததால் சொல்லாமல் தின்றார்.

மச்சினன் ஒவ்வொரு ஞாயிறும் பகல் சாப்பாட்டுக்கு வருவது வழக்கம். அன்றைக்கு வரவில்லை. மாலை நான்கு மணிக்கு வந்தார், அக்காவின் மெஷினுக்கு பெல்ட் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்ததால். மாமாவுக்கு ஒரு தலையாட்டல். பிறகு கீழே உட்கார்ந்து மெஷினுக்கடியில் தலையைக் கொடுத்துவிட்டார். முன்னறையில் மூன்று பேர். மேசையில் ஒரு தாள், அதில் ஃபிட்டர் அவர்கள். நம்மவர் தாளைத் திருப்பி வைத்தார். அதன்மேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்தார். அப்புறம் கையையும் வைத்தார்.

"மாமா," என்றது மெஷினுக்கடியிலிருந்து குரல். "அந்த டிராயிங் இன்னும் உங்க வண்டி சீட்டுக்கடியிலதான் இருக்கா?"

"ஏன் கேக்கற?"

"இல்ல, மழை வர்ற மாதிரி இருக்கு. நனைஞ்சுடப்போவுது."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. நூலைப் பல்லால் கடித்து அதை மறைத்துக்கொண்டார்.

பெல்ட்டை மாட்டிச் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மச்சினன் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, மாமாவைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க என்ன வேணா எழுதிக்கங்க மாமா. நானும் யோசிச்சேன். நீலமா இருக்குமோன்னு எனக்குத் தோணிச்சு. ரெண்டு தடவ கேட்டேன். மூணாவது தடவையும் கேட்டிருக்கணும், கேக்கல. அது என் தப்புதான்."

அவ்வளவுதான். அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். பால் வாங்கப்பட்டிருந்தது போலும்.

நம்மவருக்கு வசவு பழக்கம். பத்தொன்பது வருடம் வாங்கியது, இரண்டு வருடம் கொடுத்தது. யாராவது அவரைக் குற்றம் சொல்லியிருந்தால் எதிர்த்துச் சொல்ல மூன்று வினைச்சொற்கள் தயாராக இருந்தன. ஆனால் "என் தப்புதான்" என்று ஒருவர் சும்மா சொல்லிவிட்டுப் போனால் அதற்கு என்ன செய்வது என்று எந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்திலும் சொல்லித் தரவில்லை. அந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான்தான் சரியா முறுக்கல, தள்ளு. கேட்டது வேறெங்கும் இல்லை. தன் வாயில்தான்.

மூன்றாவது தாளை எடுத்தார். மனைவி அதை எட்டிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை இன்ஜினியர் அம்மா நின்றபடியே படித்தார். *சிவப்புக் கோடு என்று சொன்னது நான். ஃபிட்டர் இரண்டு முறை கேட்டார். வரைபடத்தைப் பார்க்காமலே இரண்டு முறையும் சிவப்பு என்று சொன்னேன். இவ்வாறாக நான் தவறு செய்ததாக ஆகிவிட்டது.*

"கடைசி வரி?"

"பழக்கம் மேடம்."

அவர் பேனாவை எடுத்து "ததாக ஆகிவிட்டது" என்பதை மட்டும் அடித்தார். மேலே இரண்டே இரண்டு எழுத்தைப் போட்டு "செய்தேன்" ஆக்கினார். "கையெழுத்துப் போடுங்க," என்றார். நம்மவர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். இவ்வளவு சின்னத் திருத்தத்துக்கு இவ்வளவு பெரிய வலி இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

மஞ்சளைப் போட்டுக்கொண்டு அவர் மாடியேறியபோது முதலில் பார்த்தது பெயின்டர்தான். ஏணியிலேயே ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ஐயையோ சார்! தலை மஞ்சளாயிடுச்சு!"

"ஆக்கினாங்கய்யா," என்றார் நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "எறங்கு, ஏணி வேணும்."

வேலை நினைத்த அளவு கஷ்டமில்லை. பேசினைக் கழற்றி, நான்கு இன்ச் மேலே புது ஓட்டை போட்டு, குழாய்களை நீட்டி, மறுபடி மாட்ட வேண்டும். பழைய ஓட்டைகளை பேசினின் முதுகே மறைத்துக்கொண்டது. அந்தக் கட்டடத்தில் தவறுகளை மறைக்கத் தெரிந்தவர் அவர் மட்டும் இல்லை. கஷ்டப்பட்டது கைதான். இரண்டு வருடமாகப் பேனாவும் போனும் பிடித்த கை, ரிஞ்சின் கனத்தை அந்நியம்போலப் பார்த்தது. மச்சினன் கீழே தாங்கிப் பிடிக்க, அவர் மேலே முறுக்கினார். பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு அன்றைக்கு அந்த வாசல் வழியாகத்தான் எங்கேயும் போகவேண்டியிருந்தது.

இரண்டாம் நாள், ஐந்தாவது பேசின். பீங்கானில் நட்டு ஓரளவுக்குமேல் முறுக்கக் கூடாது என்பது தொழிலின் அரிச்சுவடி. முறுக்கினால் அது எச்சரிக்கை எதுவும் கொடுக்காது. அவரே எத்தனையோ பேரை இதற்காகத் திட்டியிருக்கிறார். வாசலில் நிற்பவர்களுக்குக் காட்டுவதற்காக இன்னும் ஒரு கால் சுற்று முறுக்கினார்.

டங்.

மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை, முடி அளவு கறுப்பு. பெயின்டர் பிரஷ்ஷை டப்பாவில் போட்டார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உடை..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். "உடைச்சுட்டோம்."

மச்சினன் உடைந்த பேசினைத் தாங்கிப் பிடித்தபடியே கேட்டார்: "அந்த 'ஓம்'ல நானும் இருக்கேனா மாமா?"

வேலையிடத்தில் அவர் மாமா என்றது அதுதான் முதல் தடவை. ஒப்பந்தத்தை நினைவூட்ட அது நல்ல சமயமாக இல்லை.

"...ட்டேன்."

"சரியா கேக்கல மாமா."

"உடைச்சுட்டேன்யா! நான்தான் உடைச்சேன், ஓவரா முறுக்கினேன், போதுமா? வேற பேசின் எடுத்துட்டு வா!"

"சார், இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார் பெயின்டர், சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே. "போன்ல புடிச்சுக்கறேன். பசங்க நம்ப மாட்டானுங்க."

கணக்குப்படி ஒன்பது நாள். இன்னும் ஒன்று உடைந்ததில் பத்தாயிற்று. இரண்டாவதை உடைத்தது மச்சினன். உடைத்த கையோடு "நான்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டார். அதற்கு யாரும் வேடிக்கை பார்க்க வரவில்லை. கடைசி மாடியின் கடைசி நான்கு பேசின்களை மச்சினன் மட்டுமே வைத்தார், ஏனென்றால் நம்மவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. முதுகு பிடித்துக்கொள்வதற்கு மட்டும் எந்த மொழியிலும் ஆளைத் தேட வேண்டியதில்லை.

பதினோராவது நாள் வெள்ளை திரும்பி வந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, அதன் கீழே முதுகை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மனைவி ஒரு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆயிடுச்சா?"

"ஆ..." என்றவர் நிறுத்தி, ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினார். ஆணி அளவுநாடாவுடையது. நாடா கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முதுகு விடவில்லை. "உன் தம்பி முடிச்சான்."

மனைவி பொத்தானிலிருந்து கண்ணை எடுத்தார். ஃபிட்டர் அவர்கள் இல்லை, பொருத்தினார் இல்லை. தம்பி, முடிச்சான். அந்த 'ன்' காதுக்கு இதமாக இருந்தது. எழுந்து டீயை வைக்கலாமா என்று நினைத்தார்.

"நான் கூடவே நின்னு பாத்துக்கிட்டேன்ல," என்றார் நம்மவர்.

மனைவி மறுபடி உட்கார்ந்து நூலைக் கடித்தார்.

"தெரியும். இல்லாட்டி என்னைக்கோ முடிஞ்சிருக்கும்."